மைக் வெப்ஸ்டரைப் பற்றி உங்கள் வாரியம் எழுதிய கடிதம்

அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். ஆணையர் ரோஜர் குடெல் அவர்களுக்கும், 32 அணிகளின் நிர்வாகங்களுக்கும், வீரர்கள் சங்கத்துக்கும்,

வணக்கம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று நாளாக ஒரு படிவம் காந்தத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. மகன் இந்த வருடம் ஹைஸ்கூல் போகிறான். ஃபுட்பால் அணியில் சேர வேண்டுமாம். தலையில் அடிபட்டால் என்னென்ன அறிகுறி வரும், யாரிடம் காட்ட வேண்டும், எப்போது திரும்ப ஆடலாம் என்றெல்லாம் அச்சடித்து, கீழே பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் 2011-ல் வந்த சட்டம் இது. இந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிள்ளையும் பள்ளி அணியில் இறங்க முடியாது.

"அம்மா, சைன் பண்ணிட்டியா?" காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை கேட்கிறான்.

கையெழுத்துப் போடுவேனா மாட்டேனா என்பது எங்கள் வீட்டு விவகாரம். அதில் உங்களை இழுக்கவில்லை. ஆனால் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது, இதே பிட்ஸ்பர்க்கில் பதினைந்து வருடம் ஆடிய ஒருவருக்கு இப்படி ஒரு தாளை யாருமே நீட்டவில்லையே என்று தோன்றியது. அவருக்கும் ஒரு தாள் வந்தது, எல்லாம் முடிந்த பிறகு. அதை அனுப்பியது உங்கள் ஓய்வூதிய வாரியம். அந்தத் தாளைப் பற்றித்தான் இந்த மடல்.

தமிழில் எழுதுகிறேன். என்னைப் போலவே ஃபிரிட்ஜில் படிவம் தொங்கும் தமிழ் வீடுகள் இந்த நாட்டில் நிறைய இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும் என்பதற்காக. உங்களுக்கு மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் போகாது.

மைக் வெப்ஸ்டர் விஸ்கான்சினில் ஓர் உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தவர். கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1974 டிராஃப்டில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அவரை ஐந்தாவது சுற்றில், 125-வது ஆளாக எடுத்தது. சென்டர் இடத்துக்கு உடம்பு போதாது என்று மற்ற அணிகள் விட்டுவைத்திருந்த ஆள். லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், ஜான் ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர் என்று அந்த ஒரே டிராஃப்டில் எடுத்த நால்வரும் பின்னால் ஓஹாயோ மாநிலம் கான்டனில் உள்ள புகழ்மண்டபத்துக்குப் போனார்கள். 2026 டிராஃப்ட் விழாவை எங்கள் ஊருக்குக் கொடுத்தீர்கள். டிராஃப்ட் என்ற பேச்சை எடுத்தாலே இங்கே பெரியவர்கள் 1974-ல் போய்த்தான் நிற்பார்கள்.

நம் ஊர்க் கால்பந்து மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்குச் சென்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். குனிந்து, பந்தைத் தரையில் பிடித்துக்கொண்டு, கால் இடுக்கு வழியாகப் பின்னால் நிற்கும் குவார்ட்டர்பேக்கின் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்த அதே நொடியில் ஒரு கை தூரத்தில் எதிரே இருக்கும் நூற்றுச்சொச்சம் கிலோ ஆள் மேலே வந்து விழுவான். அவனை முட்டி நிறுத்த வேண்டும். முதலில் போய் மோதுவது நெற்றிதான். எதிராளி திறந்த கையால் ஹெல்மெட்டில் ஓங்கி அறைவதுகூட 1977 வரை விதிப்படி சரியாகவே இருந்தது. கேமரா பந்தின் பின்னால் ஓடிவிடும், சென்டர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வதை யாரும் பார்க்க மாட்டார்கள். அடுத்த அரை நிமிடத்தில் மறுபடியும் குனிய வேண்டும்.

வெப்ஸ்டர் இதை 17 பருவங்கள் செய்தார். ஸ்டீலர்ஸில் 15, கான்சஸ் சிட்டி சீஃப்ஸில் 2. மொத்தம் 245 ஆட்டங்கள், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நான்கு வெற்றிகள், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான புரோ பவுலுக்கு ஒன்பது முறை தேர்வு. பனி கொட்டும் டிசம்பரில்கூடச் சட்டைக் கையை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு நிற்பார். 'அயர்ன் மைக்' என்று பெயர். ஆட்டங்கள் மட்டும்தான் கணக்கில் வரும். ஜூலை வெயிலில் காலையும் மாலையும் நடந்த பயிற்சிகளில் முட்டியதற்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

1990 பருவத்தோடு விளையாட்டை நிறுத்தினார். அப்புறம் நடந்ததை எங்கள் ஊர்க்காரர்கள் பலர் வாய்விட்டுச் சொல்ல விரும்புவதில்லை. தலைவலி, மறதி, காரணமில்லாத கோபம். முதலீடுகள் போயின, வீடு போனது, திருமணம் முறிந்தது. பிக்கப் வண்டியில் படுத்துத் தூங்கினார், சில இரவுகள் ரயில் நிலையத்தில். விழுந்த பற்களைச் சூப்பர் குளூ போட்டு ஒட்டிக்கொண்டார். வலியில் தூக்கம் வராமல், மின்சார அதிர்ச்சி தரும் டேசர் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டு மயங்கிப் படுத்தார். தாள் தாளாகக் கடிதம் எழுதினார். முதல் வரிக்கும் பத்தாவது வரிக்கும் சம்பந்தம் இருக்காது. பதின்ம வயதிலிருந்த இளைய மகன் கூடவே வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொண்டான். என் மகன் வயதைவிட ஓரிரண்டு வயதுதான் கூட இருந்திருக்கும். ஸ்டீலர்ஸ் நிர்வாகம் சில காலம் ஓட்டல் அறை எடுத்துக் கொடுத்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருமே எட்டிப் பார்க்கவில்லை என்று நான் சொல்லவில்லை.

1997-ல் கான்டனில் அவருக்கு மரியாதை செய்தீர்கள். அந்த விழாவில் அவரை அறிமுகப்படுத்தியவர் பழைய குவார்ட்டர்பேக் டெர்ரி பிராட்ஷா. கடைசியாக ஒரே ஒரு முறை வெப்ஸ்டர் கையிலிருந்து பந்து வாங்க வேண்டும் என்று கேட்டார். கோட்டு சூட்டோடு வெப்ஸ்டர் மேடையிலேயே குனிந்து கால் இடுக்கு வழியாகப் பந்தைக் கொடுத்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அப்புறம் அவர் பேச வந்தார். பேச்சு எங்கெங்கோ போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. கைக்குப் பழகிப்போனது அப்படியே இருந்தது, பேச்சைக் கோத்துப் பிடிக்கும் கயிறுதான் அறுந்திருந்தது. எதிரே உங்கள் லீகின் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

1999 தொடக்கத்தில், ரிட்டாலின் மாத்திரைக்காகப் போலி மருந்துச்சீட்டு எழுதியதாக அவரைக் கைது செய்தார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. அந்த மாத்திரை போட்டால்தான் கொஞ்ச நேரமாவது தெளிவாக யோசிக்க முடிந்தது அவருக்கு.

அதே ஆண்டில்தான் மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் அவருக்காக உங்கள் ஓய்வூதியத் திட்டத்தில் ஊனத்தொகை கேட்டு மனுப் போட்டிருந்தார். அவர் தரப்பு மருத்துவர்கள் பலமுறை தலையில் பட்ட அடிதான் காரணம் என்றார்கள். உங்கள் திட்டம் தன் பங்குக்கு ஒரு மருத்துவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. அவரும் அதையே எழுதினார். வாரியம் ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு 2000-ல் திட்டத்தின் அலுவலகத்திலிருந்து வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் போனது. பிட்ஸ்பர்க்கிலும் கான்சஸ் சிட்டியிலும் ஆடியபோது தலையில் பட்ட காயங்களின் விளைவே இந்த ஊனம் என்று மருத்துவ அறிக்கைகள் காட்டுகின்றன என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது.

அந்தக் கடிதம் 2012 வரை வெளியுலகத்துக்குத் தெரியாது.

வாரியம் வேறு, லீக் வேறு என்று சொல்வீர்கள். ஓட்டுப் போடும் உறுப்பினர்களில் பாதிப்பேர் அணி உரிமையாளர்கள் அனுப்பியவர்கள், மீதிப்பேர் வீரர்கள் சங்கம் அனுப்பியவர்கள். அதனால்தான் சங்கத்தையும் சேர்த்து இந்த மடலின் தலைப்பில் போட்டிருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது.

இப்போது அதே காலத்தில் உங்கள் இன்னொரு கை என்ன எழுதிக்கொண்டிருந்தது என்று பாருங்கள். தலைக்காயத்தை ஆராய 1994-ல் லீக் ஒரு குழு அமைத்தது. அதற்குத் தலைவர் மூளை மருத்துவர் இல்லை, நரம்பு மருத்துவரும் இல்லை. எலியட் பெல்மன், மூட்டுவாத மருத்துவர். எங்கள் ஆஸ்பத்திரியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 2003 முதல் அந்தக் குழு நரம்பு அறுவைச் சிகிச்சை இதழ் ஒன்றில் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களின் மூளைக்கு அடிக்கடி அடி விழுவதில்லை என்றுகூட அவற்றில் எழுதினார்கள். வாரியத்தின் பீரோவில் வெப்ஸ்டரின் கோப்பு இருந்தது. குழு அந்தப் பீரோவைத் திறக்கவில்லையா, திறந்தும் மூடிவிட்டதா? இதற்கு மட்டும் இன்றுவரை நேரான பதில் இல்லை.

2002 செப்டம்பர் 24 அன்று அலெகெனி ஜெனரல் மருத்துவமனையில் வெப்ஸ்டர் மாரடைப்பால் இறந்தார். வயது 50. நீங்கள் ஆட்டம் நடத்தும் ஸ்டேடியத்திலிருந்து அந்த மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம்.

உடலைப் பரிசோதித்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த பெனட் ஒமாலு. இதயம்தான் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். அவர் மூளையை எடுத்துவைத்தார். வெளியிலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லாத மூளை.

என் பிழைப்பே இதுதான் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நான் ஒரு நோய்க்குறியியல் ஆய்வகத்தில் திசுக்களைச் சீவி ஸ்லைடு தயாரிக்கிறவள். புது மூளை கெட்டித்தயிர் மாதிரி இருக்கும், கத்தி வைத்தால் குழையும். ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறினால்தான் பன்னீர் பதத்துக்கு வரும். அதில் ஒரு துண்டு எடுத்து மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறு சீவல் விழுகிற அளவுக்கு மெல்லிசாகச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்தி எடுக்க வேண்டும். மூச்சு வேகமாக விட்டால் மடங்கிவிடும். பிறகு டாவ் என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் சாயம் ஏற்றுவோம். ஐம்பது வயது ஆளின் மூளையில் அந்தச் சாயம் பெரும்பாலும் பிடிக்க ஒன்றும் இருக்காது, ஸ்லைடு வெளிர்நீலமாகவே நிற்கும். வெப்ஸ்டரின் ஸ்லைடுகளில் பழுப்புத் திட்டுகள் இருந்தன. அந்த ஸ்லைடுகளுக்கான செலவை ஒமாலு தன் கையிலிருந்து போட்டார். அவை திரும்பி வந்த அன்று அந்த ஆய்வகத்தில் என்னைப் போல ஒருத்தி அவற்றை அட்டையில் அடுக்கியிருப்பாள், யாருடையது என்று தெரியாமலேயே.

குத்துச்சண்டைக்காரர்களிடம் இந்தக் கோளாறை 1928-லேயே ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதிவைத்திருக்கிறார். ஃபுட்பால் ஆட்டக்காரரிடம் கண்டதாக ஒமாலுவும் கூட்டாளிகளும் 2005 ஜூலையில் வெளியிட்டார்கள், சி.டி.இ. என்ற பெயரில். தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை சிதையும் நோய் இது. அதுவும் உங்கள் குழு எழுதிவந்த அதே இதழில்தான். உங்கள் குழுவைச் சேர்ந்த மூவர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். இதழ் மறுத்தது. அடுத்து வந்த மூளையும் ஸ்டீலர்ஸ் ஆட்டக்காரருடையதுதான், டெர்ரி லாங். 45 வயதில் தற்கொலை செய்துகொண்டவர்.

பணப் பக்கத்துக்கு வருகிறேன். வாரியம் வெப்ஸ்டருக்குத் தொகை கொடுத்தது, ஆனால் 1996-லிருந்துதான் அவர் முழு ஊனம் என்று கணக்கிட்டது. நடுவில் அங்கங்கே சில வேலைகளில் ஒட்டிப் பார்த்தாரே, அதனால் 1991-லேயே முடங்கிவிட்டார் என்று சொல்ல முடியாதாம். வேலையில் நிலைக்க முடியாமல் போனதையே வேலை செய்ததற்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். அவர் இறந்த பிறகும் வாரிசுகள் சார்பில் வழக்கு நடந்தது. 2005-ல் பால்டிமோர் கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீங்கள் மேல்முறையீடு போனீர்கள். 2006 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. குடெல் அவர்களே, நீங்கள் பதவியேற்று நாலு மாதம்கூட ஆகாத நேரம் அது. வாரியம் கொடுக்க மறுத்த பதினைந்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை, அவர் செத்து நாலு வருடம் கழித்துக் குடும்பத்துக்கு வந்தது.

தலையில் அடிபட்டு மூளை அதிரும் கன்கஷனால் நீண்டகாலப் பாதிப்பு வரலாம் என்று உங்கள் செய்தித் தொடர்பாளர் வாய்திறந்து ஒப்புக்கொண்டது 2009 டிசம்பரில், அதுவும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணையில் உங்களைச் சிகரெட் கம்பெனிகளோடு ஒப்பிட்டுக் கேட்ட பிறகு. ஃபுட்பாலுக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று உங்கள் துணைத்தலைவர் ஒருவர் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் சொன்னது 2016 மார்ச்சில். 2000-க்கும் 2016-க்கும் நடுவே பதினாறு வருடம். வெப்ஸ்டர் ஆடிய காலத்தைவிட ஒரு பருவம்தான் குறைவு.

"தெரிந்துதானே ஆடினார்கள், கோடி கோடியாகச் சம்பாதிக்கவில்லையா?" என்று இங்கே ஆபீஸ் கேன்டீனிலும் கேட்கிறார்கள். முழங்கால் போகும், முதுகு போகும், விரல் கோணும் என்று தெரிந்துதான் ஆடினார்கள். அதற்கு வெப்ஸ்டர் ஒருநாளும் புலம்பவில்லை என்றுதான் கூட ஆடியவர்கள் சொல்கிறார்கள். புத்தி போகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களின் பீரோவில் அந்தத் தகவல் கையெழுத்தோடு இருந்தபோதும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கமும் நியாயமாகப் பேச வேண்டும். பாஸ்டன் பல்கலைக்கழகம் 2023-ல் சொன்ன கணக்கில், ஆராய்ந்த 376 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 345-ல் சி.டி.இ. இருந்தது. இதை வைத்து நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நோய் என்று யாராவது சொன்னால் நானே மறுப்பேன். சந்தேகம் வந்த குடும்பங்கள்தான் மூளையைத் தானம் செய்கின்றன, அது பொறுக்கி எடுத்த மாதிரி. ஆனால் அந்த 345 பேர் நிஜம். நீங்கள் செய்த மாற்றங்களும் நிஜம்தான். வீரர்கள் சங்கத்தோடு போட்ட 2011 வேலை ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே நாளில் இரண்டு முழுப் பயிற்சிகள் கிடையாது, 2024-ல் பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃப் விதியை மாற்றினீர்கள். வெப்ஸ்டர் காலத்து ஆட்டத்தைவிட இன்றைய ஆட்டம் தலைக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு. என் மகன் இந்த வாதத்தை என்னிடம் மனப்பாடமாகச் சொல்கிறான்.

கடைசியாக, வழக்கை முடிக்க நீங்கள் போட்ட சமரச ஒப்பந்தம். ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் போட்ட வழக்கில் 2013-ல் 76.5 கோடி டாலருக்கு முடிக்கப் பார்த்தீர்கள். போதாது என்று நீதிபதி அனிதா பிராடி திருப்பி அனுப்பினார். மொத்தத் தொகைக்கு இருந்த உச்சவரம்பு எடுக்கப்பட்டது, 2015-ல் ஒப்புதல் கிடைத்தது. இதுவரை நூறு கோடி டாலருக்கு மேல் போயிருக்கிறது. அதில் தவறு எங்களுடையது என்ற வார்த்தை மட்டும் எங்கும் இல்லை. மறதிநோயை அளக்கும் சோதனையில் கறுப்பின வீரர்களுக்கு ஆரம்பத்திலேயே மூளைத்திறன் குறைவு என்று வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்ட கதை இருக்கிறதே, அதைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் ஆகும். அதை எதிர்த்து 2020-ல் வழக்குப் போட்ட கெவின் ஹென்றியும் நஜே டேவன்போர்ட்டும்கூட ஸ்டீலர்ஸில் ஆடியவர்கள்தான். எங்கள் ஊருக்கும் உங்கள் வக்கீல்களுக்கும் என்னமோ ராசி.

ஆனால் ஒரு தேதியை மட்டும் விட முடியாது. 2006 ஜனவரி 1-க்கு முன்னால் இறந்தவர்களின் குடும்பத்துக்குச் சாதாரணமாகப் பணம் கிடையாது. காலாவதி ஆகாத வழக்கு என்று தனியாக நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் உண்டு. வெப்ஸ்டர் 2002-ல் இறந்தார். எந்த மூளையால் இந்த நோய்க்கு ஃபுட்பாலில் ஒரு பெயர் வந்ததோ, எந்த மூளையைக் காட்டித்தான் மற்ற எல்லாரும் வழக்குப் போட முடிந்ததோ, அந்த மூளைக்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம். காலாவதி என்று எதைச் சொல்கிறீர்கள்? ஃபுட்பாலில் இந்த நோய்க்குப் பெயர் வந்ததே 2005-ல். அதற்கு முன்னால் எதை எழுதி வழக்குப் போட்டிருப்பார்கள் அந்தக் குடும்பங்கள்? காரணம் எழுதிய ஒரே காகிதத்தை நீங்கள் வெளியே காட்டவில்லையே.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 2006-க்கு முன்னால் இறந்து, மூளைத் திசுவில் சி.டி.இ. உறுதியானவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் இருப்பார்கள். வெப்ஸ்டர், டெர்ரி லாங், ஜஸ்டின் ஸ்ட்ரெல்சிக் என்று என்னால் பெயரே சொல்ல முடிகிறது. மூவருமே ஸ்டீலர்ஸ். நீதிமன்ற ஒப்பந்தத்தைத் தொட முடியாது என்றால் தொட வேண்டாம், அதற்கு வெளியே உங்கள் கைப்பணத்திலிருந்து கொடுங்கள். ஆண்டுக்கு இரண்டாயிரம் கோடி டாலருக்கு மேல் வரும்படி உள்ள அமைப்புக்கு இது டீச்செலவு.

இரண்டாவது. கான்டனில் வெப்ஸ்டரின் வெண்கலத் தலை இருக்கிறது. ஆம், தலைதான். அதன் பக்கத்தில் அந்த 2000-ஆம் ஆண்டுக் கடிதத்தின் நகலைக் கண்ணாடிக்குள் வையுங்கள். புகழ்மண்டபம் தனி நிறுவனம் என்று பதில் எழுதாதீர்கள். நீங்கள் சொல்லி அவர்கள் கேட்காமல் இருக்கப் போவதில்லை.

மூன்றாவதாக, உங்கள் மருத்துவக் குழு 2000-க்குப் பிறகு அந்தக் கடிதத்தைப் பார்த்ததா இல்லையா என்று ஒரு வரியில் சொல்லுங்கள். பார்த்தது என்றாலும் சரி, பார்க்கவில்லை என்றாலும் சரி.

படிவம் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குப் போக வேண்டும். இந்த மடலை அச்சடித்து அதன் பக்கத்திலேயே, அதே காந்தத்தில் மாட்டியிருக்கிறேன். பையன் இரண்டையும் படித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
பிட்ஸ்பர்க்கிலிருந்து ஓர் அம்மா